திருவருகைக் காலத்தில் நம் தொடக்கப் பள்ளி

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம் ஊர் தனிப் பங்காகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், பள்ளியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைப் பணித்தீர்கள். பள்ளியோ பங்கிற்கும் மூத்தது. ஓலைக் கூரை ஓடானதும், ஓடு காங்கிரீட்டானதும் எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்த வரலாற்றை விட்டுவிட்டு, ஆண்டில் நான்கே நான்கு வாரங்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறோம். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு தொடங்கி, கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்காகப் பள்ளி மூடும் நாள் வரை உள்ள வாரங்களே அவை. ஒரு பள்ளி எப்படிப்பட்ட குடும்பம் என்பது அந்த நான்கு வாரங்களில் வெளிப்பட்டுவிடும் என்பது எங்கள் எண்ணம்.

திருவருகைக் காலம் காத்திருக்கும் காலம் என்று மறைக்கல்வியில் சொல்லிக் கொடுக்கிறோம். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதை விளக்கப் பெருமுயற்சி எதுவும் தேவையில்லை. கொச்சியிலும் கோவாவிலும் குஜராத்திலும் தங்கி ஆழ்கடல் தொழில் செய்யும் அப்பாமார்கள், வளைகுடா நாடுகளில் வலை இழுக்கும் அப்பாமார்கள், எல்லாரும் ஊர் திரும்புவது கிறிஸ்துமசுக்குத்தான். டிசம்பர் பிறந்துவிட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூட விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடும். "டீச்சர், இருபத்தைந்தில் ஒன்பது போனால் எத்தனை?" என்று கணக்குப் பாடம் இல்லாத நேரத்திலும் கேட்பார்கள். கழித்தல் கணக்கு எங்கள் வகுப்புகளில் நன்றாக வரும் மாதம் டிசம்பர்தான்!

பிள்ளைகளின் இந்த எண்ணிக்கையிலிருந்தே திருச்சபைக்கு ஓர் அழகிய வழக்கம் வந்திருக்கிறது. நம் பீடத்தருகே வைக்கும் திருவருகைக் கால மலர்வளையம் முதலில் எழுந்தது ஓர் ஏழைப் பிள்ளைகள் இல்லத்தில். ஜெர்மனி நாட்டின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் விக்கெர்ன் என்னும் லுத்தரன் சபைப் போதகர், கிறிஸ்துமசுக்கு இன்னும் எத்தனை நாள் என்று சிறுவர்கள் ஓயாமல் கேட்டதால், 1839-ஆம் ஆண்டு ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை நிறுத்தினார் என்பார்கள். ஞாயிறுகளுக்குப் பெரிய திரி, மற்ற நாட்களுக்குச் சிறிய திரி. நாளுக்கு ஒன்றாக ஏற்றி வந்தார்கள். பின்னர் அது கத்தோலிக்கக் கோவில்களுக்கும் வந்து சேர்ந்தது.

பாலன் குடிலும் அவ்வாறே எளியது. 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தீவனத் தொட்டியும் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பெத்லகேமை ஊர் மக்கள் கண்முன் நிறுத்தினார். விலையுயர்ந்த சுரூபங்களோ சுழலும் மின்விளக்குகளோ அங்கே இல்லை.

இன்னொருவரையும் நாம் மறக்கலாகாது. திருவருகைக் காலத்தின் தொடக்கத்தையொட்டி, டிசம்பர் 3 அன்று நாம் கோட்டாற்றில் கொண்டாடும் புனித சவேரியார், 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார்; 1544-இன் பிற்பகுதியில் நம் திருவிதாங்கூர்க் கரைக்கும் வந்தார். கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஆக்கிய மன்றாட்டுகளைக் கற்பித்தார். அப்பிள்ளைகள் வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளிகளின் வீடுகளில் மன்றாடத் தம்மால் போக முடியாத போது அவர் பிள்ளைகளையே அனுப்பினார். நம் கரையின் முதல் மறைக்கல்வி ஆசிரியர்களில் பிள்ளைகளும் உண்டு எனலாம். பள்ளியில் நாங்கள் செய்வது அந்தப் பழைய வேலையின் தொடர்ச்சியே.

இனி எங்கள் நான்கு வாரங்களைச் சொல்கிறோம்.

முதல் வாரம் நட்சத்திரத்திற்கும் சீட்டுக்கும் உரியது. கடையில் நூறு விதமான நட்சத்திரங்கள் தொங்குகின்றன. ஆயினும் வாசலில் தொங்கும் பெரிய நட்சத்திரத்தை ஐந்தாம் வகுப்பார்தான் கட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். ஒரே அளவான பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்தைந்தாக இரண்டு ஐம்முனை நட்சத்திரங்களைக் கட்டி, முனைகளைக் கூட்டிப் பிணைத்து, உள்மூலைகளில் ஐந்து குறுங்குச்சிகளைக் கொடுத்தால் நட்சத்திரம் உப்பி நிற்கும். ஒரு சிம்பு அரை விரல் குறைந்தாலும் நட்சத்திரம் கோணிவிடும். அளவு என்றால் என்ன என்பதை அளவுகோலைவிட அது நன்றாகக் கற்பிக்கிறது. மைதாப் பசையும் வர்ணத்தாளும் சின்ன வகுப்பாரின் பங்கு.

சீட்டு என்பது இது. எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் எழுதிக் குலுக்கி ஆளுக்கொன்று எடுப்பார்கள். யார் பெயர் வந்ததோ அவருக்காக நான்கு வாரமும் மறைவாக மன்றாட வேண்டும், மறைவாக நன்மை செய்ய வேண்டும். பென்சில் சீவி வைப்பது, ஊஞ்சலில் இடம் விடுவது, தவறவிட்ட குடையை எடுத்து வைப்பது போன்றவையே அந்த நன்மைகள். கடைசி நாளில் தம்மை வெளிப்படுத்தி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிய பரிசு கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் நாங்கள் மிகக் கண்டிப்பானவர்கள். ஒரு பிள்ளைக்குப் பெரிய பொம்மையும் அடுத்த பிள்ளைக்கு இரண்டு ரூபாய்ப் பேனாவும் கிடைத்தால், அந்த நாளை இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்வார்கள் அன்றோ?

இரண்டாம் வாரம் விதைப்பு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிரட்டை கொண்டு வரும். நம் கடல் மணலோடு செம்மண் கலந்து, கேழ்வரகோ வெந்தயமோ தூவி, நாளும் நீர் தெளிப்போம். மூன்று நான்கு நாளில் முளை தெரியும். விடுமுறைக்கு முன் குடிலைச் சுற்றிப் பச்சை வயலாக அவற்றை அடுக்கிவிடலாம். சிரட்டையில் பெயர் எழுதுவதில்லை. யாருடையது உயரமாக வளர்ந்தது, யாருடையது முளைக்கவில்லை என்ற கணக்கு எங்களுக்கு வேண்டாம். முளைக்காத சிரட்டையைக் கண்டால், பக்கத்துச் சிரட்டையிலிருந்து நாற்றைப் பிடுங்கி நடப் பிள்ளைகளே கற்றுக்கொண்டு விட்டார்கள்.

மூன்றாம் வாரம் நாடக ஒத்திகை. கூடவே இரண்டாம் பருவத் தேர்வும் வந்து நிற்கும். பெரியவர்கள் இன்னும் அரையாண்டுப் பரீட்சை என்றே சொல்கிறீர்கள். காலையில் தேர்வு, மாலையில் ஒத்திகை. ஏரோது அரசன் கையில் வாளும் பையில் வாய்பாடுமாகத் திரிவான். இதில் இரண்டு செய்திகளைப் பெற்றோரிடம் திறந்து சொல்ல வேண்டும். முதலாவது, மாதா வேடத்திற்கு நிறம் பார்ப்பதில்லை. நம் ஊரில் பல காலம் வெளுத்த பிள்ளைக்கே மாதா வேடம் என்றிருந்ததை நீங்கள் அறிவீர்கள். நாசரேத்தூர்ப் பெண்ணுக்கு யாரும் நிறம் பார்த்து மங்கள வார்த்தை சொல்லவில்லை. இப்போது நாலாம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளிடையே சீட்டுப் போட்டே மாதாவைத் தேர்கிறோம். இரண்டாவது, நாடகத்திற்காக எந்த வீடும் துணி வாங்க வேண்டாம். வானதூதர்களுக்குப் பூசை உதவிச் சிறுவர்களின் வெள்ளை அங்கிகளைப் பங்குத் தந்தை அவர்கள் தருகிறார்கள். இடையர்களுக்கு அப்பாவின் கைலியும் தலையில் ஒரு தோர்த்தும் போதும். அரசர்களின் முடி சேலைப் பெட்டியின் அட்டையில் செய்தது. பள்ளியில் உள்ள அத்தனை பிள்ளைகளும் மேடை ஏறுவார்கள். வானதூதர் கூட்டத்திற்கு எண்ணிக்கை வரம்பு ஏது?

நான்காம் வாரம் வெளியே போகும் வாரம். வகுப்பறை மூலையில் ஒரு மண்பானை இருக்கும். நம் பாட்டிமார்களின் பிடியரிசி வழக்கம்தான். விரும்பியவர் ஒரு பிடி போடலாம்; யார் போட்டார், யார் போடவில்லை என்று எவரும் பார்ப்பதில்லை. பிள்ளையிடம் காசு கேட்பது எங்கள் பள்ளியில் அறவே கிடையாது. அந்த அரிசியோடும், பெற்றோர் அனுப்பும் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கோடும், தனித்து வாழும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் வீடுகளுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். இரண்டு பாட்டுப் பாடுகிறார்கள். ஒரு மன்றாட்டுச் சொல்கிறார்கள். சவேரியார் அனுப்பிய பிள்ளைகள் போன அதே கரைதான் இது.

நம் பள்ளியில் பிற சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். உள்ளூரிலிருந்து வரும் இந்து, இசுலாமியப் பிள்ளைகள் உண்டு. அண்மைக் காலமாகக் கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் பங்கேற்க வற்புறுத்தக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அதுவே முறை. அவர்கள் செபம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நட்சத்திரமும் சிரட்டையும் சீட்டும் பானையும் அவர்களுக்கும் சொந்தம். கார்த்திகைத் தீபம் வரும்போது அந்த வீடுகளிலிருந்து திரளிக் கொழுக்கட்டை வருகிறது. இலை மணம் வகுப்பறை முழுதும் நிற்கும். டிசம்பர் முடிவில் நம் முந்திரிக்கொத்து அங்கே போகிறது. பெரியவர்கள் மேடை போட்டு நல்லிணக்கம் பேசுகிறோம். பிள்ளைகள் அதைத் தின்றே பழகிவிடுகிறார்கள்.

மகிழ்ச்சியான செய்திகளை மட்டும் சொல்லி முடித்தால் உண்மை முழுமையாகாது. 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், கடல் வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். அந்த ஆண்டு அத்திருநாளின் பொருளை நம் கரைக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. மூன்றாம் நாள், டிசம்பர் 3, சவேரியார் திருநாள். அவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் அதுவே. திருச்சபை காத்திருக்கத் தொடங்கிய அன்று, நம் கரை முழுவதும் வேறொரு காத்திருப்பில் இருந்தது. பள்ளி திறந்தபோது பிள்ளைகள் நாட்களை எண்ணவில்லை. எண்ணிக் கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை. அந்த ஆண்டு நட்சத்திரம் கட்டவில்லை, நாடகம் இல்லை. குடிலை மட்டும் சிறிதாக வைத்து ஓர் அகல் விளக்கு ஏற்றினோம். சீட்டை நிறுத்திவிடலாமா என்று எங்களுக்குள் பேசினோம். அப்பாவைக் கடலில் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயர் எவர் கைக்கு வருமோ என்று அஞ்சினோம். ஆனால் யாராவது ஒருவர் தனக்காக மறைவாக மன்றாடுகிறார் என்று ஒரு பிள்ளை அறிந்திருக்க வேண்டிய காலம் உண்டென்றால், அது அந்தக் காலம்தான் என்று முடிவு செய்து சீட்டுப் போட்டோம். கடைசி நாளில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கடிதங்களை நாங்கள் திருத்தவில்லை. எழுத்துப் பிழையோடே அவை போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

2020-இல் கொரோனாவினால் பள்ளியே இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட கிறிஸ்துமசுக்கு, விதைப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொடுத்தோம். முளைத்த சிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகள் கூடிவர முடியாத இடத்தில் அவர்கள் வளர்த்த பயிர் கூடி நின்றது.

அன்பார்ந்த பங்கு மக்களே, இவ்வளவும் எதற்காகச் சொல்கிறோம்? கிறிஸ்துமஸ் விழா நாளன்று நம் பள்ளி முற்றம் நிறைந்துவிடுகிறது, நிற்க இடமிருப்பதில்லை. ஜூன் மாதச் சேர்க்கை நாளில் அதே முற்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். ஆக, ஒரு பிள்ளை குறைந்தாலும் ஓர் ஆசிரியர் குறையலாம். ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கும் பள்ளியில் ஒத்திகைக்கும் விதைப்புக்கும் நேரம் எங்கே கிடைக்கும்? ஆங்கிலவழிப் பள்ளிக்கு வண்டியில் அனுப்பும் பெற்றோரை நாங்கள் குறை சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லது என்று எண்ணியே அனுப்புகிறீர்கள். ஆனால் நம் பள்ளி ஏழைகளின் பள்ளி என்று ஒதுக்கப்படும் நாளில், அது பங்கின் பள்ளியாக இருப்பது நின்றுபோகும். பணம் உள்ள வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒரே மணலில் விதைக்கும் இடம் நம் ஊரில் வேறொன்று இல்லை. 2024 ஜூலை 15 முதல் அரசின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இப்போது எங்கள் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டுவிட்டே வகுப்புக்கு வருகிறார்கள். அந்த வரிசையில் உங்கள் பிள்ளையும் அமர வேண்டும் என்று விரும்புகிறோம்.

நான்கு ஞாயிறுகளுக்கு ஏற்ப நான்கு விண்ணப்பங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யுமுன், டிசம்பரில் ஒரு சாதாரண நாளில் பள்ளிக்கு வாருங்கள். விழா நாளில் வேண்டாம். விதைக்கும் நாளில் வாருங்கள். வகுப்பில் அமர்ந்து பாருங்கள். அதன்பின் உங்கள் விருப்பம்.

இரண்டு: உதவி செய்ய விரும்பும் நல்லோர் அதைப் பானையில் போடுங்கள். பிள்ளையை மேடைக்கு அழைத்து, புதுத்துணியைக் கையில் கொடுத்து, படம் எடுக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறோம். அந்தப் படத்தில் கொடுப்பவர் முகத்தைத்தான் நாம் பார்க்கிறோம். வாங்கும் பிள்ளை எங்கே பார்க்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

மூன்று: பழைய மாணவர்களே, ஆண்டுக்கு ஒரு நாளாவது வாருங்கள். மூங்கில் சிம்பு சீவத் தெரிந்தவர் சீவிக் கொடுங்கள்; கதை சொல்லத் தெரிந்த பாட்டி கதை சொல்லுங்கள்; கடலில் விண்மீன் பார்த்துத் திசை கண்ட பெரியவர், ஞானிகள் எப்படி வழி கண்டிருப்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இதை எந்தப் பாடநூலும் அவ்வளவு நன்றாகச் சொல்லாது.

நான்கு: நம் ஊரில் வாடகை அறைகளில் இருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களில் ஒன்றை, ஒவ்வோர் அன்பியமும் கிறிஸ்துமஸ் அன்று ஒரு வேளை உணவுக்கு அழைக்கட்டும். அவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டைக் காட்டி அழைத்துச் செல்ல உங்கள் பிள்ளைகளுக்கு வழி தெரியும். சத்திரத்தில் இடமில்லாத கதையை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் ஊரில், இடம் கொடுத்தார்கள் என்ற செய்தியும் ஒன்று இருக்கட்டுமே!

பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல் ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாக வகுத்தது. நிலத்தை இழந்தவர் தம் நிலத்திற்கும், பிரிந்து போனவர் தம் குடும்பத்திற்கும் திரும்பும் ஆண்டு அது. நம் பொன்விழாவும் அத்தகையதாகட்டும். பள்ளியை விட்டு வெகுதூரம் போய்விட்ட பங்கு, தன் பள்ளிக்குத் திரும்பட்டும். வரும் திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்தில் எங்கள் வராந்தாவில் சிரட்டைகள் வரிசையாக இருக்கும். அதில் உங்கள் வீட்டுச் சிரட்டையும் ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இயேசுவுக்கே புகழ்!